பாதி கட்டிய விமானத்தை ட்ரெய்லரில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக் கராஜில் கட்டத் தொடங்கிய விமானம் என்றோ ஒருநாள் அந்தக் கராஜுக்குள் அடங்காமல் போகிறது. வீட்டில் கட்டுவதற்கான விமானப் பாகங்களை விற்கும் வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வீ-7 விமானத்தின் இறக்கை நீட்டம் 25 அடி. ஸெனித் சீஎச் 701 விமானத்துக்கு அது 27 அடி. இடது இறக்கை, வலது இறக்கை என்று தனித்தனியாக அவற்றைக் கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் உள்ள வீட்டிலும் கட்டிவிடலாம். ஆனால் உடலோடு பொருத்திப் பார்க்க அங்கே இடம் கிடையாது. ஆகவே வேலை பாதியில் நிற்கும்போதே எல்லாவற்றையும் ட்ரெய்லரில் ஏற்றி, பெரியதொரு கொட்டகைக்கோ விமான நிலையமுள்ள இரத்மலானைப் பக்கமோ கொண்டுபோக வேண்டியதாகிறது. தூரம் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை என்பதே பலரையும் அசட்டையாக்கிவிடுகிறது.

எங்கள் தலைமுறை செய்து களைத்த பிழைகளையே புதியவர்கள் வரிசை மாறாமல் செய்துகொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். பின்விளக்கு எரியாத ட்ரெய்லர், காற்றுக் குறைந்த டயர், மறந்துபோன சிவப்புத் துணி ஆகியவற்றைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. அவற்றை வழியில் நிற்கும் பொலிஸ்காரரே சொல்லித் தந்துவிடுவார்.

நான்கு மூலைகளிலும் இறுக்கிக் கட்டுவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். செய்பவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். அளவுக்கு மீறிக் கவனமாக இருப்பவர்களே இதைச் செய்கிறார்கள்.

மூடியில்லாத செருப்புப் பெட்டி ஒன்றை இரு முனைகளிலும் பிடித்து எதிரெதிர்த் திசைகளில் முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுகிவிடும். மூடியைப் போட்டு விளிம்பெல்லாம் ஒட்டிவிட்டால் அதே அட்டை அசைந்து கொடுக்காது. விமானத்தின் உடலும் இறக்கையும் இதே விதியில்தான் நிற்கின்றன. அரை மில்லிமீற்றர், முக்கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள அலுமினியத் தகடுகள் நாலாபக்கமும் மூடி ரிவெட் என்னும் தறையாணி அடிக்கப்பட்ட பிறகே முறுக்கத்தைத் தாங்கும் வலிமையைப் பெறுகின்றன. ஒரு பக்கம் திறந்திருக்கும்வரை அந்த வலிமையில் மிகச் சிறிய பங்குதான் அவற்றிடம் இருக்கிறது. பாதி கட்டிய விமானம் என்பது, ஏறக்குறைய எப்போதும், ஒரு பக்கம் திறந்திருக்கும் விமானமே.

இனி ட்ரெய்லரைப் பாருங்கள். நம் ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் ட்ரெய்லர்களின் சட்டம் பெரும்பாலும் ‘சி’ வடிவ இரும்பால் ஆனது. அதுவும் ஒரு பக்கம் திறந்த வடிவம்தான், அதுவும் முறுகும். ஒற்றை அச்சு ட்ரெய்லரில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது, ஏனெனில் இரண்டு சக்கரங்களும் இழுக்கும் வண்டியோடு பூட்டும் முன்பக்கக் கொளுவியுமாக அது மூன்று இடங்களில்தான் தாங்கப்படுகிறது. முன்னும் பின்னும் அச்சுள்ள நான்கு சக்கர ட்ரெய்லரிலும் லொறித் தட்டிலும் கதை வேறு. ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினாலே சட்டம் மூலைக்கு மூலை முறுகிக் கொடுக்கும். அப்படிக் கொடுப்பதற்கென்றே அது செய்யப்பட்டிருக்கிறது. அதன்மேல் விமானத்தின் உடலை நான்கு மூலைகளிலும் அசையாமல் கட்டினால், சட்டத்தின் முறுக்கம் அப்படியே உடலுக்குள் இறங்கிவிடுகிறது.

நண்பர் ஒருவரின் உடற்பகுதியை இப்படித்தான் ஏற்றினார்கள். அடித்தளமும் பக்கச் சுவர்களும் ரிவெட் அடித்து முடிந்திருந்தன. பின்புற மேல்தகடு, ரிவெட் அடிக்கும்வரை தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் கிளெகோ ஊசிகளால் மட்டும் பிடித்து நின்றது. ட்ரெய்லர், மரக்காலை ஒன்றுக்குப் பலகை ஏற்றும் நான்கு சக்கர வண்டி. ரச்செட் பட்டிகளை ஏறி நின்று இறுக்கிய ஓட்டுநர், “ஐயா, இனி இது அசையவே அசையாது” என்று பெருமையோடு சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஒழுங்கையிலிருந்து காலி வீதிக்குத் திரும்பும் முனையில் பின்சக்கரம் ஒன்று வடிகால் மூடியின்மேல் ஏறி இறங்கியது. எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இரத்மலானையில் இறக்கியபோதும் கீறல் ஒன்றுகூட இல்லை என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

மேல்தகட்டுக்கு ரிவெட் அடிக்கத் தொடங்கியபோதுதான் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது தெரிந்தது. கிளெகோ, துளையை ரிவெட்டைப் போல நிரப்புவதில்லை. போதாக்குறைக்கு நாம் அதை இரண்டு, மூன்று துளைகளுக்கு ஒன்று என்றுதான் போடுகிறோம். எனவே முறுக்கம் வந்தபோது முழு விசையும் அந்தச் சில ஊசிகளின்மேல் விழுந்து, மெல்லிய தகட்டில் அவற்றின் துளைகளை நீள்வட்டமாக இழுத்துவிட்டது. இதற்குப் பிறகு நண்பர் செய்ததுதான் பெரும் செலவில் முடிந்தது: பொருந்தாத துளைகளைத் துளைகருவியால் பெரிதாக்கி, பெரிய ரிவெட் அடித்து, கோணலான உடலைக் கோணலாகவே பூட்டிவிட்டார். வால்பகுதியைப் பொருத்தும் நாளில் நிமிர்சிறகு சாய்ந்து நின்றது. அடித்த ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்து, புதிய தகட்டை அமெரிக்காவின் ஒரிகனிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. அந்தத் தகட்டின் விலையைவிட, அது வளையாமல் வந்து சேர்வதற்கான பெட்டிக்கும் கப்பல் கூலிக்கும் போன பணமே அதிகம்.

மாற்று வழி கடினமானதன்று. மூன்று புள்ளிகள் எந்த நிலையிலும் ஒரே தளத்தில்தான் அமையும். ஆகவே உடலை மூன்று இடங்களில் மட்டும் தாங்குங்கள். இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மை உத்தரமான ஸ்பார் பொருந்தும் நடுச்சட்டம் உடலிலேயே மிக வலிமையான இடமாகையால், இரண்டு தாங்கிகளும் இறுக்கமான பட்டிகளும் அங்கே வர வேண்டும். மூன்றாவது தாங்கி வால்பக்கத்தில், நடுக்கோட்டில், இருபுறமும் சாய்ந்து கொடுக்கக்கூடிய ஒரு சுழல்முனையின்மேல் இருக்கட்டும். அங்கே போடும் பட்டி வால் மேலே துள்ளாமல் தடுத்தால் போதும். சாய்வதைத் தடுக்கக் கூடாது. இன்னும் நல்லது, மரத்தால் விறைப்பான தொட்டில் ஒன்றைச் செய்து உடலை அதிலே பொருத்தி, அந்தத் தொட்டிலை ட்ரெய்லரின்மேல் மூன்று புள்ளிகளில் இருத்துவது. இரண்டு பலகைத் தகடும் ஒரு நாள் தச்சு வேலையுமே இதற்கான செலவு.

புறப்படுவதற்கு முன் நடுச்சட்டத்திலும் வால்பக்கத்திலும் ரசமட்டம் வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு, ஒரு ரிவெட்டும் அடிக்கு முன், அதே இடங்களில் மறுபடி வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் துளைகளைத் தொடக் கூடாது. கிளெகோக்களை எல்லாம் கழற்றி, உடலைத் தாங்கிகளின்மேல் மட்டப்படுத்தி, நடுவிலிருந்து இரு முனைகளையும் நோக்கி மீண்டும் பூட்டிக்கொண்டு வாருங்கள். உண்மையில் கெட்டுப்போன துளைகள் எவை, ஊசி இழுத்துப் பிடித்ததால் மட்டும் விலகி நின்றவை எவை என்பது அப்போதுதான் தெரியும்.

இறக்கைகளுக்கும் இது முழுமையாகப் பொருந்தும். ஆர்வீ கட்டுபவர்கள் மின்கம்பி வேலைக்காகவும் பரிசோதனைக்காகவும் இறக்கையின் கீழ்த்தகடுகளை நெடுநாள் திறந்து வைத்திருப்பது வழக்கம். அந்த விமானத்தின் இறக்கை எவ்வித முறுக்கமும் இல்லாமல் அமைய வேண்டியது. அதனால்தான் தூக்குக்குண்டு கட்டி அதைச் சரிபார்க்கிறோம். திறந்த இறக்கையை முறுக்கிக் கொண்டுபோய், அந்த முறுக்கத்தோடே கீழ்த்தகட்டை மூடினால், விமானம் வாழ்நாள் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்தே பறக்கும். வெளியே பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. முடியுமானால் தகடுகளை மூடிய பிறகு நகர்த்துங்கள். முடியாவிட்டால் இறக்கையின் முன்விளிம்பு கீழே இருக்குமாறு நிறுத்தி, இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டமான ரிப் உள்ள இடங்களில் மட்டும் அதைத் தாங்குங்கள்.

பட்டியைத் தகட்டின்மேல் போடுவது

பட்டி எங்கே போனாலும் அதற்கடியில் ஒரு ரிப் அல்லது சட்டம் இருக்க வேண்டும். இரண்டு ரிப்களுக்கு இடையில் இறுக்கினால் தகடு உட்குழியும். பிறகு அந்தக் குழி விரலால் தொடும்போதெல்லாம் டப்பென்று உள்ளும் வெளியும் துள்ளிக்கொண்டிருக்கும். பட்டிக்கும் தகட்டுக்கும் நடுவில் பழைய கம்பளத் துண்டு வைப்பவர்கள் அதை முதலில் உதறிவிட வேண்டும். கம்பளத்துக்குள் இருக்கும் மணல், வண்டி குலுங்கக் குலுங்க, உப்புத்தாள் செய்யும் வேலையைச் செய்துவிடும். அல்கிளாட் தகட்டின் மேற்பரப்பில் இருப்பது மிக மெல்லிய தூய அலுமினியப் படலம். அது தேய்ந்துபோனால் உள்ளே இருக்கும், 2024 என்னும் இலக்கத்தால் அழைக்கப்படும் அலுமினியக் கலப்புலோகம் கொழும்பின் கடற்காற்றுக்கு நேரே முகம் காட்டி நிற்கும்.

பாரம் குறைவு என்று மகிழ்வது

இயந்திரம் இல்லாத உடல் ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். ஆயிரம் கிலோ சுமக்கவென்று செய்த ட்ரெய்லரின் இலை விற்கள் அந்தப் பாரத்துக்கு வளைந்தே கொடுக்காது. வீதியின் ஒவ்வொரு குழியும் அடியாக நேரே மேலே வரும். டயர்க் காற்றை ஏற்றிய பாரத்துக்கு ஏற்பக் குறையுங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு முழுப் பாரத்துக்கானது. தேவைப்பட்டால் ட்ரெய்லரின் அச்சுக்கு மேலே மணல்மூட்டை ஏற்றுங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரை கொளுவியின்மேல் விழ வேண்டும். அதற்குக் குறைந்தால், வேகம் பிடித்தவுடன் ட்ரெய்லர் பாம்பாக நெளியத் தொடங்கும்.

சில்லுகள் பூட்டிய விமானமானால் அதை அதன் சொந்த டயர்களின்மேல் துள்ளவிடக் கூடாது. உடலைத் தாங்கிகளில் இருத்தி, சில்லுகளிலிருந்து பாரத்தை எடுத்துவிடுங்கள்.

பொலித்தீனால் சுற்றுவது

மழைக்குப் பயந்து விமானத்தை முழுவதுமாகப் பொலித்தீனால் சுற்றுகிறார்கள். காற்றில் படபடக்கும் பொலித்தீன், இடையில் சிக்கிய தூசியோடு சேர்ந்து விமானியின் இருக்கைக்கு மேலுள்ள ஒளிபுகும் மூடியான அக்ரிலிக் கெனொபியைச் சில நிமிடங்களில் மங்கலாக்கிவிடும். உள்ளே அடைபட்ட ஈரம் அலுமினியத்தில் வெண்திட்டுகளை உண்டாக்கும். கெனொபியைக் கழற்றி, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, காரின் பின்னிருக்கையில் வைத்துக் கொண்டுபோவதே முறை. மழை வந்தால் தார்ப்பாயைக் கூரைபோல் உயர்த்திக் கட்டுங்கள், விமானத்தில் தொடவிடாதீர்கள். தென்மேற்குப் பருவத்தில் அலைச்சாரல் அடிக்கும் கடற்கரை வீதியைவிட, நெரிசலானாலும் காலி வீதியே மேல்.

அசையும் பரப்புகள்

இறக்கையின் எய்லரன், வாலின் எலிவேட்டர், சுக்கான் என விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் அசையும் பகுதிகள் எல்லாவற்றையும் கழற்றித் தனியாக ஏற்றுங்கள். பூட்டு எவ்வளவு நல்லதாயினும் கழற்றுவதற்கு ஈடாகாது.

உயரம்

ஒழுங்கைக்குக் குறுக்கே தாழ்ந்து தொங்கும் தொலைபேசிக் கம்பிகளை முதல்நாளே அளந்துவிடுங்கள்.

ஆணி, திருகு, போல்ட்

கழற்றியவற்றைப் பெயரெழுதிய பைகளில் இட்டு, உங்கள் காரில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லரில் வேண்டாம்.

நாள்

ஞாயிற்றுக்கிழமையோ போயா தினமோ, அதிகாலையில் புறப்பட்டால் நெரிசலில்லாமல் மெதுவாகப் போகலாம். மெதுவாகப் போவதுதான் நோக்கம். ஆடிவேல் விழாவில் இரதம் காலி வீதியில் வரும் நாட்களை மட்டும் முன்கூட்டியே கேட்டறிந்து விலக்கிவிடுங்கள்.