டிவி பேட்டிக்கு எதை உடுத்துவது?

பேட்டிக்கு அழைப்பு வந்ததும் பீரோவைத் திறக்க வேண்டாம். முதலில் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. பின்னணி என்ன நிறம், க்ரீன் மேட் (பின்னால் தொங்கவிடும் பச்சைத் துணி) உண்டா? உட்காருவது மேசைக்குப் பின்னாலா, சோபாவிலா? ஃப்ரேம் மார்புக்கு மேல் மட்டுமா, முழு உருவமும் வருமா? காலர் மைக்கா, மேசை மைக்கா? இந்தப் பதில்கள் வந்தாலே உங்கள் துணிகளில் பாதி தானாகக் கழிந்துவிடும்.

க்ரீன் மேட் என்றால் பச்சை கூடாது. மென்பொருள் பச்சை நிறத்தை அடையாளம் கண்டு, அந்த இடத்தில் வேறு படத்தை வைக்கிறது. அது உங்கள் சட்டையா, பின்னால் தொங்கும் துணியா என்று அதற்குத் தெரியாது. சேலையில் ஒரு பச்சைக் கரை இருந்தாலும் அங்கே ஓட்டை விழுந்து பின்னணி தெரியும். கிளிப்பச்சை, எலுமிச்சைப் பச்சை, மயில் பச்சை எல்லாமே ஆபத்துதான். பளபளக்கும் உலோக நகையும் பச்சையைப் பிரதிபலிக்கும். சில ஸ்டுடியோக்களில் மேட் நீலமாக இருக்கும் என்பதால் நிறத்தையும் கேட்டுவிடுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது பொடிக்கோடு போட்ட சட்டையில். கண்ணாடியில் கச்சிதமாக இருக்கும், திரையில் நெளியும். கேமராவின் சென்சார் வரிசை வரிசையான நுண்புள்ளிகளால் ஆனது. துணியின் கோடுகளும் ஏறக்குறைய அதே நெருக்கத்தில் அதன்மேல் விழுந்தால், இரண்டும் மோதி, துணியில் இல்லாத அலைகளை உண்டாக்கும். இதற்கு மோரே என்று பெயர். கேமரா நெருங்கும்போதும் விலகும்போதும் இந்த அலை வரும், போகும். குளோஸ்-அப்பில் சும்மா இருந்த சட்டை வைட் ஷாட்டில் ஆடத் தொடங்கும். போன் திரைக்காகப் படம் சுருக்கப்படும்போது புதிதாகவும் முளைக்கலாம். அதனால் ‘போன முறை இதே சட்டைதான் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பது உத்தரவாதம் ஆகாது. சட்டையை மாட்டிவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். கோடுகளையோ கட்டங்களையோ தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாவிட்டால் அது வேண்டாம். டை, நெருக்கமான நெசவுள்ள கோட்டு, வலைத்துணி எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்.

தூய வெள்ளையும் தொல்லைதான். முகத்துக்கு ஏற்ப வெளிச்சத்தை வைத்தால் சட்டை வெளிறி மடிப்பே தெரியாமல் போகும். சட்டைக்கு ஏற்பக் குறைத்தால் முகம் இருண்டுவிடும். மாநிறம், கறுப்பு நிறமுள்ளவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. கேமரா வெளிச்சத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ முறையில் இருந்தால் அது பெரும்பாலும் சட்டையின் பக்கமே சாயும். வெளிர்நீலம், சந்தனம், சாம்பல் போன்றவை பாதுகாப்பு. வெள்ளைதான் வேண்டும் என்றால் மேலே கோட்டு போட்டு அதன் பரப்பைக் குறையுங்கள். முழுக் கறுப்பில் தோளும் கையும் ஒரே திட்டாகிவிடும், பொடுகும் தூசியும் பளிச்சென்று தெரியும். அடர்சிவப்பின் ஓரங்கள் கசிந்தாற்போல் மங்கும். அதன் சாயல் தாடைக்கு அடியிலும் விழும். நீலம், மெரூன், கத்தரிப்பூ நிறம் போன்ற நடுத்தர அடர்த்தியுள்ள ஒற்றை நிறங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒத்துவரும். பின்னணியின் நிறத்தையே உடுத்தாதீர்கள், தலை மட்டும் மிதக்கும்.

பார்ப்பவர் நிறத்தைக்கூட மன்னித்துவிடுவார், கரகரப்பை மன்னிக்க மாட்டார். காலர் மைக்கைத் தாடையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் கீழே கிளிப்பால் மாட்டுவார்கள். அதற்குப் பிடிமானம் வேண்டும்: பட்டன் பட்டி, கோட்டின் மடிப்பு, வி-கழுத்தின் ஓரம். வட்டக்கழுத்து டி-ஷர்ட்டில் மாட்டினால் துணி தொங்கி, மைக் தாடையைப் பார்த்துச் சாயும். மொடமொடவென்று கஞ்சி போட்ட துணி, நைலான், டஃபெட்டா போன்றவை ஒவ்வொரு அசைவிலும் உரசும். மைக்கில் அது காகிதம் கசக்குவது போலக் கேட்கும். நீளச் சங்கிலியும் துப்பட்டாவும் மைக்கைத் தட்டும். வளையல் மேசையில் படும். இவற்றைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஸ்டுடியோவில் யோசிப்பதைவிட வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். சேலையானால் முந்தானை மடிப்புகளைத் தோளில் ஊக்கு குத்தி நிறுத்துங்கள், மைக்கைத் தோளுக்குக் கீழே அந்த மடிப்பில் மாட்டலாம். மைக்கின் ஒலியை வயர் இல்லாமல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் பெட்டிக்கும் இடம் வேண்டும்: பெல்ட், பின்பாக்கெட், பாவாடை இடுப்பு. இடுப்பில் பிரிவே இல்லாத கவுனில் அதை எங்கே வைப்பது என்று படப்பிடிப்புக் குழு திணறும்.

கழுத்து விஷயம் ஒன்று. திரையின் கீழ்ப்பகுதியில் உங்கள் பெயர்ப் பட்டையும் ஓடும் செய்திகளும் வரும். தோள் தெரியும் அகலக் கழுத்து, குளோஸ்-அப்பில் அந்தப் பட்டைக்கு மேலே துணியே இல்லாத தோற்றத்தைத் தரும்.

நின்று பார்த்துத் தேர்ந்தெடுத்த உடையில் உட்கார்ந்தும் பாருங்கள். தாழ்ந்த சோபாவில் பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறும், பேன்ட் ஏறிக் கணுக்கால் தெரியும். காலுறை முழங்கால் வரை இருந்தால் கவலையில்லை. கோட்டின் பட்டனைக் கழற்றிவிட்டு, பின்பக்க விளிம்பை இழுத்து அதன்மேல் உட்காருங்கள். இல்லாவிட்டால் காலர் மேலேறிக் கழுத்தை விழுங்கும்.

கண்ணாடி போடுபவர்கள் பிரதிபலிப்பு தடுக்கும் பூச்சுள்ளதை அணிவது நல்லது. பளிச்சிட்டால் காதுக்குப் பின்னால் தண்டைச் சற்றே உயர்த்துங்கள், கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து பிரதிபலிப்பு நகர்ந்துவிடும். வெயிலில் கறுக்கும் லென்ஸ் வெளிப்புறப் பேட்டிக்கு ஆகாது.

முதல் நாள் இரவு முழு உடையில் அமர்ந்து, கையசைத்துப் பேசி, போனில் ஒரு நிமிட வீடியோ எடுங்கள்; ஒரு முறை நெருக்கத்தில், ஒரு முறை மூன்று மீட்டர் தள்ளி. பெரிய திரையிலும் சிறிய திரையிலும் ஓட்டிப் பார்த்தால் வெள்ளைச் சட்டைத் தகராறு அங்கேயே தெரிந்துவிடும். பிறகு வேறு நிறத்தில் ஒரு மாற்று மேலாடை, நான்கு ஊக்கு, தூசி எடுக்க ஒட்டுநாடா ஆகியவற்றைப் பையில் வையுங்கள்.

ஸ்டுடியோவில் உட்கார்ந்ததும் மானிட்டரில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை. பதிவு இரண்டு பகுதிகளாக நடந்தால், இடைவேளையில் போனில் உங்களையே ஒரு படம் எடுத்து வையுங்கள். சட்டைக் கை எந்த அளவு மடித்திருந்தது, முந்தானை எந்தப் பக்கம் விழுந்திருந்தது என்பது அதில் இருக்கும். எடிட்டிங்கில் இரண்டு பகுதிகளும் ஒட்டும்.