பிள்ளைகளுக்கு வானவில் காட்டுவது எப்படி

வெயிலும் தூறலும் சேர்ந்து வந்தால் எங்கள் பக்கத்தில் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம். ஆனி, ஆடிச் சாரல் காலத்தில் தென்காசியில் இந்தக் கல்யாணம் அடிக்கடி நடக்கும். ஊருக்கு வரும் தங்கச்சி பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பிள்ளை மேலே பார்க்கும் முன்னே ஒளிவிலகலை ஆரம்பித்தால் அது பாடமாகிவிடும். ஆனால் கல்யாணக் கதையோடு விட்டுவிடுவதும் கஞ்சத்தனம்.

நேரம்தான் முக்கியம். சூரியன் 42 பாகைக்கு மேலே ஏறிவிட்டால் சமதரையில் நிற்பவருக்கு வானத்தில் வில் கிடையாது. நம் ஊரில் காலை ஒன்பதுக்குள், மாலை நாலுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் சூரியன் மேற்கே மலைப் பக்கம் இருக்கும். சாரல் நம்மைத் தாண்டிக் கிழக்கே போயிருக்கும். அதனால் பாவூர்சத்திரம் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். குற்றாலத்தில் என்றால் காலையில் போய், வெயில் முதுகில் படும்படி நின்று அருவித் திவலையைப் பாருங்கள்.

வில்லை நீங்கள் காட்டாதீர்கள், பிள்ளையே தேடட்டும். நான் கேட்பது இப்படி:

“ஏட்டி, உன் தலை நிழல் எங்க விழுது?”

“அந்தா கீழ, மாமா.”

“கைய நல்லா நீட்டி, அங்க இருந்து ரெண்டு சாண் அள.”

நீட்டிய கையில் விரித்த ஒரு சாண் சுமார் 20 பாகை. பிள்ளையின் கை சின்னது என்று யோசிக்க வேண்டாம். கைக்கு ஏற்ற சாண், கணக்கு சரியாகவே வரும். இரண்டு சாண் முடிகிற இடத்தில் சிவப்பு நிற்கும். அளந்த விரல் நுனியில் நிறம் இருப்பதைப் பார்த்ததும் பிள்ளை போடும் கூச்சலுக்கு அப்புறம் “ஏன் மாமா?” என்று தானாக வரும். அதுவரை வாயைத் திறக்காதீர்கள்.

பதில் சுருக்கமாக இருக்கட்டும். வெயில் துளிக்குள் நுழையும்போது வளைகிறது, பின்சுவரில் கொஞ்சம் மோதித் திரும்புகிறது, வெளியே வரும்போது மறுபடி வளைகிறது. சிவப்பு 42 பாகையிலும் ஊதா 40 பாகையிலும் நம் கண்ணுக்கு வந்து சேர்கின்றன. இதை முழு அக எதிரொளிப்பு என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. அது சரியில்லை, பின்சுவரில் படும் ஒளியில் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது. பிரெஞ்சு அறிஞர் தெகார்த் 1637-இல் இந்தக் கோணத்தை விளக்கியபோது, துளிக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய பெரிய கண்ணாடி உருண்டையை வைத்துத்தான் பார்த்தார்.

காரணம் தெரிந்த பிறகு பார்ப்பதற்கு இன்னும் நிறைய இருக்கிறது. வெளியே இன்னும் அரைச் சாண் தள்ளி இரண்டாவது வில் மங்கலாக இருக்கும், நிறங்கள் தலைகீழாக. துளிக்குள் ஒளி இரண்டு முறை மோதுவதால் வருவது அது. இரண்டு வில்லுக்கும் நடுவில் வானம் கறுத்திருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். அப்புறம் இதைச் சொல்லுங்கள்: உன் கண்ணுக்குச் சிவப்பை அனுப்பும் துளி வேறு, என் கண்ணுக்கு அனுப்பும் துளி வேறு, ஆளுக்கொரு வில். எனக்கு இது கல்யாணக் கதையைவிடப் பெரிய அதிசயம்.

நிறம் ஏழு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டாம். எண்ணச் சொல்லுங்கள். ஐந்து என்றால் ஐந்து. நிறங்களுக்கு நடுவே கோடு எதுவும் கிடையாது. ஏழு என்று பிரித்தது நியூட்டன்.

மழை இல்லாத நாளில் தோட்டத்து ஹோஸ் போதும். வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, வெயிலுக்கு முதுகைக் காட்டி, இருட்டான சுவருக்கு எதிரே பூவாகத் தூற்றுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்தால் போலராய்டு கூலிங்கிளாஸைக் கொடுத்து, வில்லின் உச்சியைப் பார்த்தபடி கண்ணாடியை மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். உச்சி மறையும், திரும்ப வரும். அதற்கு “ஏன்” என்று கேட்டால் ஒரு சாயங்காலம் முழுக்க வேண்டியிருக்கும். காப்பி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.