தானாக எதுவும் முடியாது: ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் முடித்துக் கிளம்புவோர் செய்யும் தவறுகள்

நம் ஊரில் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சிம் கார்டு தானாகச் செத்துப்போகும். ஜிம்முக்குப் போவதை நிறுத்தினால் இரண்டு முறை போன் செய்துவிட்டு அவர்களும் விட்டுவிடுவார்கள். ஜெர்மனியில் அப்படி இல்லை. நீங்கள் எழுதிக் கொடுத்து முடித்து வைக்காதவரை எதுவும் முடியாது. விலகுகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கு 'க்யுண்டிகுங்' என்று பெயர். ஆறு மாதத்தில் ஜெர்மன் மொழியில் வேறு எதைக் கற்கிறீர்களோ இல்லையோ, இந்தச் சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்.

குளிர்கால செமஸ்டருக்கு ஆஹன் நகரத்துக்குப் போய்வந்தவன் நான். கீழே வரும் தவறுகளில் பாதி நான் செய்தவை, மீதி என்னோடு தங்கியிருந்தவர்கள் செய்தவை.

முதல் தவறு, கடைசி வார வேலைகளைக் கடைசி வாரத்தில் தொடங்குவது. காகிதத்தில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் பிப்ரவரி முதல் பாதியிலேயே முடிந்துவிடும். அப்புறம் தேர்வுகள். பெரும்பாலோர் பிப்ரவரி கடைசியில் டிக்கெட் போட்டுவிட்டு, இருபதாம் தேதி வாக்கில் விழித்துக்கொள்வார்கள். அதற்குள் சில கதவுகள் மூடியிருக்கும். நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது மாதச் சந்தா. இந்த மாதத்தோடு நிறுத்த வேண்டுமானால் இந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லியிருக்க வேண்டும். என் பக்கத்து அறை நண்பன் 14ஆம் தேதி ரத்து செய்தான். மார்ச் மாதம் முழுக்க அவன் மதுரையில் இருந்தான், டிக்கெட் ஜெர்மனியில் ஓடிக்கொண்டிருந்தது.

அறை வாடகையும் இதே ரகம். ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி போட்டிருந்தால் பொதுவாக நடுவில் முறிக்க முடியாது. முடிவுத் தேதி இல்லாத சாதாரண ஒப்பந்தம் என்றால் மூன்று மாத முன்னறிவிப்பு. அதாவது வந்து இறங்கிப் பெட்டியைப் பிரித்த கொஞ்ச நாளிலேயே கிளம்பும் கடிதத்தை எழுத வேண்டும்! ஒரு மாத வாடகை வீண் என்று தோன்றினால், வீட்டுக்காரரின் சம்மதத்தோடு அந்த மாதத்துக்கு வேறொரு மாணவரை உள்வாடகைக்கு வைக்கலாம். கேட்காமல் வைக்காதீர்கள்.

ரைன் நதிப் பக்கத்து ஊர்களில் இன்னொரு வம்பு உண்டு. கார்னிவல் என்ற வேஷத் திருவிழா. ஈஸ்டருக்கு 48 நாள் முன்னால் வரும் திங்கட்கிழமை, அதாவது 'ரோஸன்மோன்டாக்', சட்டப்படி விடுமுறை இல்லை. ஆனால் கொலோன், ஆஹன் போன்ற ஊர்களில் அன்றைக்கு அலுவலகம் திறந்திருக்கும் என்று நம்பிப் போகிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். முந்தைய வியாழக்கிழமை மதியத்துக்கு மேலும் அதே கதைதான். தேதி ஒவ்வோர் ஆண்டும் மாறும், 2025இல் மார்ச் 3, 2026இல் பிப்ரவரி 16. டிக்கெட் போடுவதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். கையில் ஃபைலோடு பூட்டிய கதவின் முன்னால் நான் நின்றபோது, வாத்து வேஷம் போட்ட ஒருவர் எனக்கு மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆப்மெல்டுங் என்ற ஒற்றைத் தாள்

கடைசி வாரத்துக்கென்றே படைக்கப்பட்ட ஒரு வேலையும் உண்டு. வந்தவுடன் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்தீர்களே, 'ஆன்மெல்டுங்', அதை நீக்குவதுதான் 'ஆப்மெல்டுங்'. வீட்டைக் காலி செய்யும் நாளுக்கு ஒரு வாரத்துக்கும் மேல் முன்னதாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். காலி செய்த இரண்டு வாரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். பல ஊர்களில் நேரில் போக வேண்டியதில்லை, படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும்.

'நாட்டை விட்டே போகிறோம், இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்' என்று இதை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அபராதம் வருமா வராதா என்பது இங்கே சின்ன விஷயம். ஆப்மெல்டுங் செய்ததற்கு ஒரு சான்று தருவார்கள். மற்ற எல்லாப் பூட்டுக்கும் அந்தத் தாள்தான் சாவி.

மருத்துவக் காப்பீட்டையே பாருங்கள். அரசு முறைக் காப்பீட்டில் சேர்ந்திருந்தால், பல்கலைக்கழகத்திலிருந்து பெயர் நீங்கியதும் மாணவர் கட்டணம் நின்றுவிடும். அத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைப்பீர்கள். காப்பீட்டு நிறுவனம் அப்படி நினைக்காது. நீங்கள் நாட்டை விட்டுப் போனதற்கோ வேறு காப்பீட்டுக்கு மாறியதற்கோ ஆதாரம் இல்லையென்றால், இங்கேதான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு மாணவர் அல்லாதவருக்கான கூடுதல் கட்டணத்தில் உங்களைத் தொடர்வார்கள். ஆப்மெல்டுங் சான்றின் நகலையும் விமான டிக்கெட்டையும் அனுப்பி, 'உறுப்பினர் உரிமை இந்தத் தேதியோடு முடிந்தது' என்று பதில் வரும்வரை விடாதீர்கள்.

ஒலிபரப்புக் கட்டணமும் அப்படித்தான். டிவி இருக்கிறதோ இல்லையோ, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. நண்பர்களோடு ஒரே வீட்டில் இருந்தால் வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். விடுதியில் பொது நடையில் கதவு திறக்கும் ஒவ்வோர் அறையும் தனி வீடாகக் கணக்காகும். காலி செய்ததை நீங்கள் சொன்ன மாதத்தின் கடைசி வரை கட்டணம் ஓடும். பிப்ரவரியில் கிளம்பிவிட்டு மே மாதம் சொன்னால் மே வரைக்கும் உங்கள் தலையில். கூட்டு வீட்டில் உங்கள் பெயரில் கட்டி வந்திருந்தால், இருப்பவர்களில் ஒருவர் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தப் பேச்சைக் கடைசி இரவு விருந்தில் தொடங்காதீர்கள், விருந்து கெட்டுவிடும்.

வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடுவது

இது நான் செய்தது. எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்ற வீராப்பில், கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் கணக்கை மூடினேன். வாடகை அட்வான்ஸ் எங்கே வரும் என்று யோசிக்கவில்லை. அதைச் சாவி கொடுத்த அன்றே கையில் எண்ணிக் கொடுக்க மாட்டார்கள். அறையைப் பார்த்து, தண்ணீர், வெப்பக் கணக்கெல்லாம் பார்த்துச் சில மாதம் கழித்துத்தான் கணக்கில் போடுவார்கள். இந்திய வங்கிக்கு அனுப்ப ஒரு படிவம், அதில் ஒரு எழுத்து தவறு, திரும்பி வந்த பணம், நடுவில் பிடித்தம். ஐந்து மாதம் மின்னஞ்சலில் மல்லுக்கட்டிய பிறகுதான் வந்தது.

அதனால் கணக்கு ஆறு மாதமாவது உயிரோடு இருக்கட்டும், மாதக் கட்டணம் இல்லாததாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மூடாமல் வைத்தால் மட்டும் போதாது. பரிமாற்றத்தை உறுதி செய்யும் செயலி எந்தப் போனில் இருக்கிறது, குறுஞ்செய்தி எந்த எண்ணுக்கு வருகிறது என்று பாருங்கள். ஜெர்மன் சிம்மை ரத்து செய்த பிறகு அந்த எண்ணுக்குத்தான் ரகசிய எண் வரும் என்று தெரிந்தால் கணக்கு இருந்தும் இல்லாதது போலத்தான். முகவரியையும் இந்தியாவுக்கு மாற்றுங்கள்.

விசாவுக்காகத் திறந்த முடக்கக் கணக்கு, அதாவது மாதத்துக்கு இவ்வளவு என்று மட்டும் பணம் எடுக்க முடிகிற கணக்கு, வேறு சங்கதி. 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ கணக்கில் அதில் பணம் போட வேண்டியிருக்கிறது. முன்னதாகக் கிளம்பினால் மீதியை நீங்களாக எடுக்க முடியாது. வெளிநாட்டவர் அலுவலகமோ தூதரகமோ விடுவித்துக் கடிதம் தர வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது ஆப்மெல்டுங் சான்றைத்தான்.

தபால்பெட்டியை மறந்துவிடாதீர்கள். ஜெர்மனியில் கடிதம் அறை எண்ணைப் பார்த்து வராது, பெட்டியில் ஒட்டிய பெயரைப் பார்த்துத்தான் வரும். பெயரைக் கிழித்த மறுநாள் முதல் உங்கள் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். அங்கேயே இருக்கும் நண்பர் ஒருவரின் முகவரிக்குத் தபால்துறை வழியாகத் திருப்பிவிடச் சொல்லுங்கள். காசு ஆகும், ஆனாலும் பரவாயில்லை.

அறை

அறையை ஒப்படைக்க ஹவுஸ்மைஸ்டரிடம் நேரம் வாங்க வேண்டும். விடுதியைப் பராமரிக்கும் இவர் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார். நீங்களும் ஞாயிறன்று வேக்குவம் கிளீனர் போட முடியாது, பக்கத்து அறையிலிருந்து புகார் வரும். சுத்தம் செய்தால் போதும் என்று தரையைத் துடைத்துவிட்டு நிற்பார்கள் நம்மவர்கள். அவர் பார்ப்பது ஓவனின் உள்புறம், ஃபிரிட்ஜின் ரப்பர், குளியலறைக் குழாய். பல ஊர்களில் தண்ணீர் கடினமானது, குழாயில் வெள்ளையாக உப்புக்கறை படிந்திருக்கும். சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் வினிகர் எசென்ஸைத் தண்ணீர் கலந்து ஊற்றி அரை மணி நேரம் விட்டால் போகும். தாளித்துத் தாளித்து மஞ்சளான அடுப்புச் சுவருக்கு அதைவிட அதிக நேரம் வேண்டும்.

ஒப்படைப்புக் குறிப்பில் எழுதியிருப்பதைப் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள், மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டுங்கள், அவர் காத்திருப்பார். எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். சாவி மட்டும் தொலையவே கூடாது. ஒரே சாவி உங்கள் அறையையும் கட்டட வாசலையும் திறக்கும் என்றால், மொத்தப் பூட்டுத் தொகுதியையும் மாற்றும் செலவைக் கேட்க முடியும்.

காலி பாட்டில்களைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட், பீர் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 8 சென்ட். ஆறு மாதம் சேர்த்து வைத்தால் ஒரு நல்ல சாப்பாட்டுக்கு ஆகும். பெரிய சாமான்களைத் தெருவில் வைத்துவிட்டு நழுவாதீர்கள், நகராட்சியிடம் முன்பதிவு செய்ய வேண்டும். பிரஷர் குக்கர், ரைஸ் குக்கர், மிச்சமான சாம்பார்பொடி எல்லாம் அடுத்து வரும் ஜூனியருக்கு.

கல்லூரிக் காகிதம்

மதிப்பெண் வருவதற்கு முன்பே நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் பெயர் நீங்கியதும் பல்கலைக்கழக லாகின் ஒருநாள் மூடிவிடும். சேர்க்கைச் சான்று, பாடத்திட்ட விவரம், தங்கிய தேதிகளுக்கான கையெழுத்து எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நூலகப் பாக்கி இருந்தால் அடையுங்கள். முக்கியமாக, மதிப்பெண் அளவுகோலை விளக்கும் தாளைக் கேட்டு வாங்குங்கள். அங்கே 1.0தான் முதலிடம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். நான் 1.3 வாங்கிக்கொண்டு வந்தபோது எங்கள் கல்லூரி அலுவலகத்தில் ஒருவர் கண்ணாடியை இறக்கி, 'அரியர் எப்பப்பா எழுதப்போறே?' என்றார்.

கடைசி ஐந்து நாளில் பிராக், பாரிஸ் என்று ஓடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பாரிஸ் எங்கும் போய்விடாது. ஆறு மாதம் கூடச் சமைத்த மனிதர்களை இனி அந்தச் சமையலறையில் பார்க்க முடியாது.

பெட்டி

23 கிலோவைக் கையால் தூக்கி மதிப்பிடாதீர்கள், பத்து யூரோ தராசு வாங்குங்கள். பவர்பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். சாக்லேட் ஸ்ப்ரெட் பாட்டிலையோ கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் அது திரவம். 750 கிராம் நியூட்டெல்லாவை ஃபிராங்க்ஃபர்ட்டில் பறிகொடுத்தவன் சொல்கிறேன். விமான நிலையத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும் ரயிலையும் எடுக்காதீர்கள், அதற்கு இரண்டு ரயில் முன்னால் கிளம்புங்கள். மலிவு டிக்கெட் ஒரே ரயிலுக்குக் கட்டுப்பட்டது. 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் அந்தக் கட்டுப்பாடு விலகும், வேறு ரயிலில் ஏறலாம்.

ஆஹனிலிருந்து வருபவர்கள் பிரின்டன் என்ற மசாலா பிஸ்கட் வாங்காமல் வர மாட்டார்கள். கடைக்காரர் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது கெட்டி வகை, தேங்காய் ஓடு மாதிரி இருக்கும். வீட்டில் பாட்டி இருந்தால் 'வைஷ்' என்று கேளுங்கள். மெத்தென்ற வகை கிடைக்கும்.