கேம் ஷாஃப்ட் மாற்றப் போறீங்களா? நம்ம ஊர் ரோட்டுக்கு ஒத்துவராத சில தவறுகள்

"அண்ணே, கேம் மாத்தலாம்னு இருக்கேன்" என்று வருகிற பையன்கள் முதலில் போனைத்தான் நீட்டுவார்கள். ஒரு கார் நின்ற இடத்திலேயே விட்டு விட்டுக் குலுங்கி உறுமுகிற வீடியோ ஓடும். அந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டுத்தான் பாதிப் பேர் பெரிய கேம் வாங்குகிறார்கள். கேம் என்பது தன் மேடுகளால் எஞ்சின் வால்வுகளைத் தள்ளித் திறக்கிற தண்டு; பெரிய கேம் என்றால் வால்வைக் கூடுதல் நேரம், கூடுதல் உயரம் திறந்து வைப்பது. நானும் அப்படி வாங்கினவன்தான். பழைய கார்புரேட்டர் எஸ்டீமில் போட்டு எட்டு மாதம் பாடுபட்டேன்.

அந்தக் குலுக்கலுக்குக் காரணம் ஓவர்லாப். புகையை வெளியே விடுகிற எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிப்பதற்குள், கலவையை உள்ளே விடுகிற இன்டேக் வால்வு திறக்க ஆரம்பிக்கும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கிற நேரம் கூடினால், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) எரிந்த புகை திரும்பி வந்து புதுக் கலவையோடு சேரும். ஒரு தடவை ஒழுங்காக எரியும், அடுத்த தடவை அரைகுறை. சாதாரண வண்டியில் இதையே மிஸ்ஸிங் என்று சொல்லி மெக்கானிக்கிடம் ஓடுவோம்.

"உனக்க வண்டி நித்தம் எந்த ரோட்டுல ஓடுது மக்கா?" வருகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். பதில் அநேகமாக நாகர்கோவில்–மார்த்தாண்டம். நான் ஒருநாள் மச்சினனைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, டாக்கோமீட்டரை, அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) ஓடுகிறது என்று காட்டும் மீட்டரை, வீடியோ எடுக்கச் சொன்னேன். பார்வதிபுரத்தில் ஆரம்பித்து சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, சுவாமியார்மடம், மார்த்தாண்டம். முன்னால் பஸ், பஸ்ஸுக்கு முன்னால் ஜல்லி லாரி. வீட்டுக்கு வந்து வீடியோவை ஓட்டிப் பார்த்தால் முள் பெரும்பாலும் 1,500க்கும் 3,000க்கும் நடுவில்தான் கிடக்கிறது. 4,000 தாண்டியது இரண்டே ஓவர்டேக்கில், கூட்டினால் அரை நிமிடம்கூட வராது. நான் போட்டிருந்த கேமோ 4,000க்கு மேல்தான் கண்ணையே திறக்கும். கேம் விலை கேட்கும் முன்னால் இந்த வீடியோவை எடுத்துவிடுங்கள், செலவு கிடையாது.

பெரிய கேம் கீழ் ஆர்பிஎம்மில் ஏன் சோர்கிறது? பிஸ்டன் அடிவரை இறங்கி, திரும்பி ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்சம் திறந்தே இருக்கும். 5,000 ஆர்பிஎம்மில் உள்ளே பாய்ந்து வருகிற காற்றுக்கு வேகம் இருக்கிறது. பிஸ்டன் ஏறினாலும் அது முண்டியடித்து உள்ளே நுழையும். 2,000இல் அந்த வேகம் கிடையாது. ஏறுகிற பிஸ்டன் காற்றை வந்த வழியே வெளியே தள்ளிவிடும். அமுக்குவதற்குக் காற்று குறைந்தால் இழுவையும் குறையும். டியூரேஷன், அதாவது வால்வு திறந்திருக்கும் அளவு, கூடக்கூட வால்வு மூடுவது பொதுவாகத் தள்ளிப்போகும், இந்த நஷ்டமும் கூடும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்ட ஏற்றங்களில் முன்பு மூன்றாவது கியரில் அலுங்காமல் ஏறிய வண்டியை நான் இரண்டாவதில் உறுமவிட்டு ஏற்றினேன். காவல்கிணறு தாண்டி நாலுவழிச் சாலையில் மட்டும் வண்டி பறந்தது, உண்மைதான். அந்தச் சாலைக்கு நான் மாதம் ஒருமுறை போவேன்.

நம்பரைப் பார்த்து வாங்குகிறவர்கள் வேறு ஒரு இடத்தில் வழுக்குகிறார்கள். டியூரேஷன் கிராங்க் (பிஸ்டன் சுழற்றுகிற தண்டு) டிகிரியில் சொல்லப்படுகிறது, சரி. ஆனால் எந்த லிஃப்டில் (வால்வு எழும் உயரத்தில்) இருந்து எண்ணினார்கள்? வால்வு மெல்ல அசையத் தொடங்குவதில் இருந்து எண்ணினால் 270 வரும் கேம், 1.27 மில்லிமீட்டர் லிஃப்டில் இருந்து எண்ணினால் 220 பக்கம் வரலாம். ஒருவர் முதல் கணக்கையும் இன்னொருவர் இரண்டாம் கணக்கையும் அச்சடிப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவோம். நம்ம ஊரில் கிடைக்கும் சின்ன நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு, முதல் கணக்கில் 260ஐ ஒட்டிய கேம் தினசரி ஓட்டத்துக்குத் தாங்கும். 280 தாண்டினால் ஊருக்குள் தொல்லை. 300 என்றால் அது ரேஸ் டிராக் சாமான். இரண்டு கேமுக்கு நடுவே மனசு ஊசலாடினால் சின்னதை எடுங்கள்.

பிரேக்கைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிரேக் மிதியை லேசாக்குகிற பூஸ்டர் வேலை செய்வது, எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் வேக்குவத்தில் (உறிஞ்சலில்). நல்ல ஸ்டாக் (கம்பெனியில் வந்தபடியே உள்ள) எஞ்சின் ஐடிலில் 17 முதல் 20 இஞ்ச் பாதரச அளவுக்கு இழுக்கும். பெரிய கேமில் அது 10, 12க்கு இறங்கிவிடும். மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் ஊர்ந்துகொண்டே நாலைந்து தடவை அடுத்தடுத்து மிதித்தேன். ஐந்தாவது மிதிக்கு பெடல் கல்லாக நின்றது. அன்றைக்கு முன்னால் போன ஆட்டோ தப்பியது அந்த டிரைவர் செய்த புண்ணியம். ஏசி போட்டால் ஐடில் விழுந்து எஞ்சின் நிற்கும் என்பதும் இதோடு சேர்ந்து வரும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில், வேக்குவத்தைப் பார்த்து பெட்ரோல் கணக்குப் போடும் இசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) குழம்பிவிடும், அதன் கணக்கைத் திருத்தி ரீமேப் செய்யாமல் முடியாது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டும் இக்னிஷன் டைமிங்கும் திரும்பப் பார்க்க வேண்டும்.

கேமை மட்டும் மாற்றிவிட்டு ஸ்பிரிங்கை அப்படியே விடுவது காசு மிச்சம் பிடிக்கிற தவறு. லிஃப்ட் கூடினால் ஸ்பிரிங் சுருள் ஒன்றோடொன்று முட்டலாம். வேகத்தில் வால்வு லோபை (கேமின் மேட்டை) பின்தொடர முடியாமல் மிதக்கலாம். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியை அளக்காமல் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பாகத்தை) மூடவே கூடாது. பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, திறந்து, பிளேடால் வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்டேக் பக்கம் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 என்பது பொதுவாகப் பாதுகாப்பான அளவு.

நான் வாங்கியது புதுக் கேம்கூட இல்லை, என் ஸ்டாக் கேமையே ரீகிரைண்ட் செய்தது, அதாவது தேய்த்து வடிவம் மாற்றியது. இப்படிச் செய்யும்போது மேட்டை உயர்த்த முடியாது, மேடு இல்லாத அடிவட்டத்தைத்தான் தேய்த்துக் குறைக்கிறார்கள். அதனால் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே ஆடுகிற ராக்கர் கை நிற்கும் கோணம் மாறும், இடைவெளி சரிசெய்யும் டாப்பெட் ஸ்குரூ அதிகம் வெளியே நீளும். அதிகமாகத் தேய்த்தால் மேலே கடினப்படுத்திய அடுக்கும் போய்விடும். அப்புறம் லோப் சோப்பு மாதிரி கரையும். எனக்கு ஒரு எக்ஸாஸ்ட் லோப் நகத்தால் தடவினாலே பள்ளம் தெரிகிற அளவுக்குப் போனது. அதில் பாதிக் குற்றம் என் மேல். ராக்கர் உரசி ஓடும் கேமை முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடக்கூடாது, 2,000–2,500இல் இருபது நிமிடம் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும், லோபில் மாலிப்டினம் பேஸ்ட் பூசியிருக்க வேண்டும். நான் ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் ஐடிலில் விட்டுவிட்டு சாயா குடிக்கப் போய்விட்டேன்.

டைமிங் பெல்ட்டில் "ஒரு பல்லுதானே" என்று விடுவதும் உண்டு. கேம் புல்லியில் 36 பல் இருந்தால் ஒரு பல் 10 டிகிரி; கேம் ஒரு சுற்று சுற்ற கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதால், கிராங்க் கணக்கில் 20. வாங்கிய கேமின் குணமே மாறிவிடும். டயல் கேஜும் டிகிரி தட்டும் வைத்துப் பார்க்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். புகைச் சோதனையையும் நினைவில் வையுங்கள்: ஓவர்லாப் கூடினால் எரியாத பெட்ரோல் வெளியே போகும், ஹைட்ரோகார்பன் அளவு ஏறும்.

ஸ்டாக் கேமைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். திரும்பப் போட என்னிடம் ஒன்றும் இல்லாமல், கோட்டாறில் இருந்து களியக்காவிளை வரை ஆக்கர் கடை (பழைய இரும்பு சாமான் கடை) ஆக்கர் கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு முழு ஹெட்டையே வாங்க வேண்டியதாயிற்று. அதில் இருந்த கேம்தான் இப்போது வண்டியில் ஓடுகிறது, ஸ்டாக் அளவில்.