வாந்தி பேதியும் 5 மில்லி சிரிஞ்சும்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் வீட்டில் இருக்கிறோம். ஒன்றரை வயது மகனுக்குத் திடீரென்று வாந்தி, தண்ணீராகப் பேதி. அத்தை ஓமத்தண்ணீர் காய்ச்ச அடுப்பு மூட்டினார், "பாலை நிறுத்தும்மா" என்றார். ஓமத்தைப் பற்றி நான் வாதாடவில்லை, ஆனால் தாய்ப்பாலை நிறுத்தவில்லை. பேதியின்போது பிள்ளைக்கு அது கட்டாயம் வேண்டும்.

ஃபார்மசியில் ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) வாங்கினோம். பாக்கெட்டில் 250 மில்லி என்று போட்டிருந்தது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், சரியாக அதே அளவு. சீனி கூடுதலாகப் போட்டால் பேதி அதிகமாகும்.

கப்பில் கொடுத்தோம். தாகத்தில் மடமடவென்று குடித்துவிட்டு அப்படியே கக்கினான். அப்புறம்தான் கிளினிக் மிஸி (நர்ஸ்) சொன்ன வழி: வாந்திக்குப் பின் பத்து நிமிடம் விடவேண்டும். பிறகு மருந்து கொடுக்கும் 5 மில்லி சிரிஞ்சில் ஓ.ஆர்.எஸ். தண்ணீரை எடுத்து, கன்னத்தின் உள்பக்கம் வைத்து, ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை மெல்ல அழுத்தவேண்டும். பொறுமை வேண்டும், கை கடுக்கும். ஆனால் தண்ணீர் வயிற்றில் நின்றது. கலக்கியதில் மீதியை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

பெரியவர்களுக்கான, பேதியை நிறுத்தும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. அழுதால் கண்ணீர் இல்லை, கண் குழிவிழுந்திருக்கிறது, ஆறு மணி நேரமாகப் பேம்பர்ஸ் நனையவில்லை, மலத்தில் ரத்தம், எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறது என்றால் சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு நேரே மருத்துவமனைதான். இவனுக்கு அது வரை போகவில்லை. பேம்பர்ஸ் கனத்ததும், கஞ்சியும் வாழைப்பழமும் கொடுத்தோம்.