வேப்பங்கிளையைக் கழிப்பது எப்படி: முதன்முறையாக ரம்பம் எடுப்பவருக்கான பாதுகாப்பு விளக்கம்

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மொட்டைமாடிப் பக்கம் சாய்ந்து நிற்கும் வேப்பங்கிளையைக் கழித்துவிட வேண்டும் என்ற எண்ணம் பல வீடுகளில் ஆண்டுதோறும் எழுகிறது. மரம் ஏறுபவர் கிடைக்காத நிலையில், ஒரு ஏணியும் கைரம்பமும் இருந்தால் நாமே முடித்துவிடலாம் என்ற துணிச்சலும் உடன் வருகிறது. அந்த வேலையை அடிபடாமல் செய்வதற்கான முறையைக் கீழே தருகிறேன். முன்கைப் பருமனுக்கு உட்பட்ட, தரையிலிருந்தோ எட்டடி உயரத்துக்குள் ஏணியில் நின்றோ எட்டக்கூடிய கிளைகளுக்கு மட்டுமே இது பொருந்தும். அதைவிடப் பெரியவற்றைத் தொழில் தெரிந்தவரிடம் விட வேண்டும். ஆனால் ஆளை வைத்து வேலை வாங்குபவரும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் மின்கம்பி எங்கே போகிறது, எந்தக் கிளை உளுத்திருக்கிறது என்பதெல்லாம் வீட்டுக்காரருக்குத்தான் முதலில் தெரியும்.

படி 1: கிளையின் எடையைக் கணக்கிடுங்கள்

ஒரு கன மீட்டர் பச்சை மரம் பெரும்பாலும் 800 முதல் 1000 கிலோ வரை எடை இருக்கும். 10 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள தண்டு, இலையையும் வளார்களையும் சேர்க்காமலே, ஏறக்குறைய 20 கிலோ வரும். விட்டம் 20 செ.மீ. ஆகவும் நீளம் 4 மீட்டராகவும் கூடினால் எடை 100 கிலோவைத் தொடுகிறது. விட்டம் இரட்டித்தால் அதே நீளத்துக்கு எடை நான்கு மடங்காகும் என்பதைக் கண்ணளவில் மதிப்பிடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். கீழே நிற்பவர் கையால் தாங்கிக்கொள்வார் என்ற திட்டத்தை இந்தக் கணக்கைப் போட்டவுடனே கைவிட்டுவிடலாம்.

படி 2: மேலே பாருங்கள், அவசரப்படாமல் பாருங்கள்

மரத்தைச் சுற்றி ஒருமுறை முழுதாக நடந்து, நான்கு பக்கத்திலிருந்தும் அண்ணாந்து பார்க்க வேண்டும். முதலில் தேட வேண்டியது மின்கம்பி. கிளையோ கருவியோ உங்கள் உடலோ கம்பியிலிருந்து பத்தடிக்குள் வர வாய்ப்பிருந்தால், அந்த வேலை உங்களுடையதன்று. மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987 என்பதில் தெரிவித்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகே செய்ய ஏற்பாடு செய்ய வேண்டும். பச்சைக் கிளையில் நீர் இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். மாங்காயோ முருங்கைக்காயோ பறிக்க இரும்புக் குழாயில் கட்டிய தொரட்டியை உயர்த்தி, அது கம்பியில் பட்டு உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்தி நம் ஊர் நாளிதழ்களுக்குப் புதிதன்று. அலுமினிய ஏணிக்கும் இதே ஆபத்து உண்டு. மூங்கில் கழியானாலும் மழையில் நனைந்திருந்தால் அதை நம்பக் கூடாது.

அடுத்து, கதண்டுக் கூடும் தேன்கூடும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கதண்டு கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. ஏணியில் நிற்பவர் ஒரே ஒரு கொட்டுக்கே கையை விட்டுவிடுவார். முசுறு எறும்பு உயிரை வாங்காது என்றாலும், ரம்பம் பிடித்த கையைத் தட்டிவிட வைக்க அதுவே போதும். பிறகு பட்டை உரிந்த கிளை, காளான் முளைத்த தண்டு, பொந்து ஆகியவற்றைக் கவனியுங்கள். மரத்துக்கு மரம் குணமும் மாறும்: புளியங்கொம்பு தாங்கும் பாரத்தை முருங்கைக் கொம்பு தாங்காது. சென்னையில் 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலில் மயில்கொன்றையும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் எவ்வளவு எளிதில் சாய்ந்தன என்பதைப் பார்த்தவர்கள், அந்த மரங்களின் கிளையில் ஏணியைச் சாய்க்கத் தயங்குவார்கள்.

படி 3: கீழே ஒருவரை நிறுத்துங்கள்

தனியாக இந்த வேலையைச் செய்யவே கூடாது. உடன் இருப்பவரின் முதல் கடமை மற்றவர்களை விலக்கி வைப்பது: கிளையின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் குழந்தையோ நாயோ வேடிக்கை பார்ப்பவரோ நுழையக் கூடாது. இருவருக்கும் ஹெல்மெட்டும் கண்ணாடியும் மூடிய காலணியும் வேண்டும். மரத்தூள் கண்ணில் விழுவது சிறு தொல்லைபோலத் தோன்றினாலும், ஏணியில் நிற்பவர் கண்ணைக் கசக்க ஒரு கையை எடுக்கும் நொடியே விபத்தின் தொடக்கமாகிவிடலாம். கயிறு கட்டி இறக்குவதாக இருந்தால், அதன் மறுமுனையைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அந்த உராய்வைக் கொண்டே மெல்ல மெல்ல விட வேண்டும்.

படி 4: ஏணியை எங்கே சாய்ப்பது

ஏணி சாய்ந்திருக்கும் இடத்தின் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தூரம் அதன் கால் மரத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். எட்டடி உயரத்துக்கு இரண்டடி. தலைப்பகுதியை அடிமரத்தோடு கயிற்றால் கட்ட வேண்டும். கழிக்கப்போகும் கிளையின் மீது மட்டும் ஏணியைச் சாய்க்கவே கூடாது.

இந்தக் கடைசி விதியை நான் விலை கொடுத்துக் கற்றேன். முதன்முறை கிளை கழித்தபோது, வெட்டும் இடத்துக்கு உட்புறமாக, அதே கிளையில்தான் ஏணியைச் சாய்த்திருந்தேன்; அறுபடுவது வெளிப்பகுதிதானே என்ற கணக்கு. வெளிப்பகுதி அறுந்து விழுந்ததும் எஞ்சியிருந்த கொம்பு சட்டென மேலெழும்பியது. ஏணியின் தலை அதன் அடியில் நழுவி, நானும் ஏணியும் செம்பருத்திச் செடியின் மேல் விழுந்தோம். மணிக்கட்டு எலும்பு விரிசலோடு தப்பியது. தென்னை ஏற வரும் பெரியவர் ஒருவர் என் மணிக்கட்டில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, "பாரம் போனா கொம்பு எழும்பும்னு தெரியாதா தம்பி?" என்று மட்டும் கேட்டார். எட்டடி என்று நான் எல்லை வகுத்ததற்கும் காரணம் உண்டு. அதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கான 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் ஒரே நொடியில் தரையைத் தொடுகிறார். அப்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறத்தாழ 36 கி.மீ.

படி 5: மூன்று வெட்டு

மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தால், பாதியில் கிளை தன் பாரத்தால் முறிந்து, அடிப்பட்டையைத் தண்டுவரை உரித்துக்கொண்டு தொங்கும். தொங்கும் கிளை ஊஞ்சல்போல உள்நோக்கி வரும். அங்கேதான் ஏணி இருக்கிறது. இதைத் தவிர்ப்பதற்காகவே மூன்று வெட்டு முறை வந்தது.

முதல் வெட்டு, தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை. ரம்பம் இறுகத் தொடங்கினால் அதற்கு மேல் போக வேண்டாம். இரண்டாம் வெட்டு, முதல் வெட்டுக்கு இரண்டு விரல் வெளியே, மேலிருந்து. கிளை இந்த இரண்டு வெட்டுக்கும் இடையில் முறிந்து நேராகக் கீழே விழும். விழும் கிளையைப் பிடிக்கவோ தள்ளவோ முயலாமல், உடலை ஒரு பக்கமாக ஒதுக்கி நிற்க வேண்டும்.

எஞ்சிய ஓரடிக் கட்டையை மூன்றாம் வெட்டால் நீக்கலாம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையல்போல ஒரு புடைப்பு இருக்கும்; அதற்கு வெளியே அறுக்க வேண்டும், தண்டோடு ஒட்டச் சீவக் கூடாது. ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்த அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ, அந்தப் புடைப்பைச் சீவினால் அழுகல் தண்டுக்குள் பரவும் என்று விளக்கினார். அழகுக்காகச் சீவிய தண்டு உள்ளே உளுத்துப்போனால், சில ஆண்டுகள் கழித்து அதில் ஏறுபவர் அதை நம்பித்தான் காலை வைப்பார்.

இயந்திர ரம்பம் வேண்டாமா?

தொடக்க நிலையில் வேண்டாம். ஏணியில் நின்று ஒருபோதும் வேண்டாம். அதன் சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடுகிறது. சங்கிலி சுற்றி ஓடும் தகட்டின் நுனி மேற்பகுதி எதிலாவது இடித்தால், கை உணர்வதற்குள் ரம்பம் முகத்தை நோக்கி எகிறிவிடும். அதனால்தான் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்ற விதிகள் வந்தன. ஏணியில் இருப்பவரால் இரண்டையும் காப்பாற்ற முடியாது.

புயலில் விழுந்து வளைந்து கிடக்கும் மரத்திலும் தொடக்க நிலையில் கை வைக்க வேண்டாம். படுத்துவிட்டது என்று எண்ணி அதை அறுப்பவர்கள் மிகப் பலர். வளைந்த தண்டின் வெளிப்புறம் இழுபட்டும் உட்புறம் நசுங்கியும் இருக்கும். இழுபட்ட பக்கத்தை முதலில் ஆழமாக வெட்டினால் அது வில்லைப் போலத் தெறிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தைத் துண்டித்தால் வேர்க்கட்டு நிமிர்ந்து தன் பள்ளத்திலேயே மீண்டும் அமரும். அந்தப் பள்ளத்தில் யாரும் நிற்கக் கூடாது. இந்த வேலையைத் தீயணைப்புத் துறையினருக்கோ மாநகராட்சிக்கோ விட்டுவிடுங்கள்.

படி 6: அடிபட்டால்

உயரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்கி உட்கார வைப்பதும், தண்ணீர் புகட்டுவதும், ஆட்டோவில் மடக்கிப் போட்டு எடுத்துச் செல்வதும் அன்பின் காரணமாகச் செய்யப்படும் பிழைகள். முதுகெலும்பு முறிந்திருந்தால், அந்தத் தூக்கலிலேயே தண்டுவடம் நசுங்கி, கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கலாம். விழுந்த நிலையிலேயே தலையையும் கழுத்தையும் அசையாமல் இரு கையால் பிடித்துக்கொண்டு, 108-ஐ அழைக்க வேண்டும். ரம்பம் ஆழமாக அறுத்திருந்தால், சுத்தமான துணியை வைத்து ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்த வேண்டும். நடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது. மின்கம்பியில் சிக்கியவரை, மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும்வரை யாரும் தொடக் கூடாது. கீழே நின்ற துணையாள் அடிபட்டவரை விட்டு நகராமல் இருக்க, வீட்டிலிருக்கும் வேறொருவர் தெருமுனையில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டட்டும்.