கனடாவுக்குப் போகும் தம்பிமாருக்கு: ரேடியேட்டருக்குத் தண்ணி ஊற்ற வேண்டாம்

விடுமுறையில் கல்லடிக்கு வந்து இரண்டு கிழமை ஆகிறது. கச்சான் காற்று அனலாக வீசுகிறது, மத்தியானத்தில் வாசலில் கால் வைக்க முடியவில்லை. எங்கள் ஒழுங்கையிலிருந்து மட்டும் மூன்று பேர் இந்த வருடம் கனடா போகிறார்கள், அதில் இருவர் நான் இருக்கும் வின்னிபெக்குக்கே வருகிறார்கள். மூவரும் கேட்டது ஒன்றுதான்: "அண்ணன், போனவுடன் என்ன கார் வாங்கலாம்?" காசுக்கு ஏற்ற எதையும் வாங்குங்கள். ஆனால் அங்கே முதல் பனிக்காலம் வருமுன் நான் கீழே சொல்வதைச் செய்யுங்கள், எனக்கு ஒரு எஞ்சினே போன கதை இது.

லைசன்ஸ், இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு, போய்க் கேட்டால் சொல்வார்கள். ஊரில் எத்தனை வருடம் ஓட்டினீர்கள் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒரு கடிதம் எடுத்து வையுங்கள், சில மாகாணங்களில் அது உதவும். வலப்பக்கம் ஓட்டுவது பழகிவிடும்.

சரி, குளிருக்கு வருவோம். எஞ்சின் காற்றைக் கொள்ளளவாக உறிஞ்சுகிறது, குளிர்ந்த காற்றோ நெருக்கமானது. 32 பாகைக் காற்றோடு பார்த்தால் மைனஸ் 25 பாகையில் அதே இடத்துக்குள் ஏறக்குறைய 23 சதவீதம் கூடுதல் ஒட்சிசன் இருக்கும். நம்ம ஊரில் மத்தியான வெயிலில் ஏசியையும் போட்டு எட்டுப் பேரை ஏற்றிய வான் சோர்ந்து போவதும், அதே வான் விடியற்காலையில் லேசாக ஓடுவதும் இதனால்தான். ஆக, சூடாகிவிட்ட எஞ்சினுக்குக் குளிர்காற்று நல்லது. சூடாகும் வரைதான் பாடு. மைனஸ் 18இல் பற்றரியின் பலம் பாதிக்குக் கிட்ட இறங்கிவிடும், பெற்றோல் சரியாக ஆவியாகாது, ஒயில் தேன்போல இறுகும். ஊரில் 20டபிள்யூ ஒயில் ஊற்றிப் பழகியிருப்பீர்கள், அங்கே குளிரிலும் இளகி ஓடும் 0டபிள்யூ அல்லது 5டபிள்யூ, கார்ப் புத்தகத்தில் சொல்லியிருப்பதையே ஊற்றுங்கள். டயரின் காற்றழுத்தம் ஒவ்வொரு 5, 6 பாகை இறக்கத்துக்கும் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். 7 பாகைக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும், வின்டர் டயருக்குக் காசு பார்க்காதீர்கள்.

இனி என் கதை. என் மாமா லொறிக்காரர். பதுளை வீதியால் மரக்கறி ஏற்றப் போகும்போது அவருடைய சீற்றுக்குப் பின்னால் ஐந்து லீற்றர் கான் ஒன்று எப்போதும் இருக்கும். பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் லொறி கொதித்தால் ஓரம் கட்டி, ஆறவிட்டு, சாக்கால் மூடியைப் பிடித்துத் திறந்து, தண்ணி ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். சின்ன வயதில் அந்தக் கானைத் தூக்கிக்கொண்டு ஓடையில் தண்ணி அள்ளியது நான்தான். ரேடியேட்டர் என்றால் தண்ணி, அப்படித்தான் என் கைக்குத் தெரியும்.

வின்னிபெக்கில் முதல் கார் 3,800 டொலர், பழையது. ஓகஸ்டில் ஒரு குழாய் மெல்ல ஒழுகியது. கூலன்ட், அதாவது எஞ்சினை ஆற்ற ரேடியேட்டரில் ஊற்றும் உறையாத் திரவம், குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணியை ஊற்றினேன், மூன்று நான்கு மாதத்தில் மூன்று லீற்றராவது போயிருக்கும். அந்தக் காருக்கு மொத்தமே ஆறு லீற்றர். தண்ணியோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் மைனஸ் 37 வரை உறையாது, ஆனால் அதில் பாதி ஒழுகிப் போய்த் தண்ணியால் நிரம்பினால் மிஞ்சுவது கால் பங்குதான். கால் பங்கு என்றால் மைனஸ் 12 பாகையிலேயே உறையத் தொடங்கும்.

டிசம்பர் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. இரவில் பிளாக் ஹீற்றரைச் செருகி வைப்பேன், காரின் முன்னால் தொங்குமே ஒரு வயர், அதுதான். அது உள்ளே இருப்பதைச் சூடாக வைத்திருந்ததால் பிழை வெளியே தெரியவில்லை. ஜனவரியில் ஒரு இரவு சிநேகிதன் வீட்டில் தங்கினேன், அங்கே செருக இடமில்லை, மைனஸ் 31. காலையில் கார் ஸ்டார்ட் ஆனது. உள்ளே ஹீற்றர் சூடாக ஊதவில்லை, உறைந்த கூலன்ட் ஓடாததால் சூட்டு முள் மட்டும் மேலே ஏறியது. இரண்டு தெரு தாண்டுமுன் ஆவி வந்தது. தண்ணி உறையும்போது 9 சதவீதம் பெருக்கும், இரும்பு என்ன செய்யும்? கராஜில் மெக்கானிக் ஒயில் குச்சியை இழுத்துக் காட்டினார், பால் தேத்தண்ணி நிறம், ஒயிலில் தண்ணி கலந்துவிட்டது. எஞ்சின் பிளாக்கில் வெடிப்பு. வேறு பழைய எஞ்சின் மாற்றக் கேட்ட காசு கார் விலையைவிடக் கூட.

ஆகவே கார் வாங்கிய கிழமையே, எஞ்சின் ஆறியபிறகு, கூலன்ட் சோதிக்கும் சின்னக் கருவியை வாங்கிப் பாருங்கள், சில டொலர்தான். விற்றவரும் நம்மைப்போலத் தண்ணி ஊற்றியிருக்கலாம், நிறத்தைப் பார்த்து நம்ப வேண்டாம். ஏற்கெனவே கலந்து வரும் போத்தலை வாங்குங்கள். கலக்காததை வாங்கி அப்படியே ஊற்றினாலும் பிழை, தனிக் கூலன்ட் மைனஸ் 13க்குக் கிட்டவே உறையும். குறைந்துகொண்டே போனால் ஊற்றிக்கொண்டிருக்காமல் ஒழுக்கைத் தேடுங்கள்.

ரீவியில் காற்றோடு சேர்த்து மைனஸ் 45 என்று சொல்லும்போது பயப்படாதீர்கள். அது தோலுக்கான கணக்கு. காற்று வீசினால் எஞ்சின் விரைவாக ஆறும், ஆனால் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே இறங்காது.

ஒருவேளை தண்ணி கலந்த காரை இரவு வெளியே விட்டுவிட்டீர்கள் என்றால் காலையில் சாவியைத் திருப்ப வேண்டாம். இழுத்துக்கொண்டு போய்ச் சூடான கராஜுக்குள் ஒரு நாள் விடுங்கள், உருகியபிறகு கீழே ஒழுகுகிறதா, ஒயில் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். நான் அன்று ஸ்டார்ட் பண்ணாமல் விட்டிருந்தால் எஞ்சின் கொதித்து வந்த சேதமாவது இல்லாமல் போயிருக்கும், வெடிப்பு சின்னதென்றால் மெக்கானிக் பிளாக்கையும் ஒருவேளை காப்பாற்றியிருப்பார்.